வலிக்காத கட்டைவிரல்

"மேடம், இன்னும் அந்தத் தோப்புக் கிணத்தை மட்டுந்தான் நாம சந்தேகப்படல. திரும்பிப் போய் அதையும் ஒரு வார்த்தை விசாரிச்சுட்டு வந்துரலாமா?" என்றான் பிராங்க், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

விமலாராணி பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாதபோது அடுத்த ஜோக் சொல்லக் கூடாது என்று பிராங்க்குக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொல்வான்.

"தண்ணியக் குடிச்சே வாக்குமூலம் வாங்கிரலாங்க."

"பிராங்க், வாய மூடிட்டு ரோட்டைப் பாரு."

ஆனைமலை ரோட்டில் இரண்டு பக்கமும் தென்னை. நிழல் விழுந்து குளுகுளு என்றிருந்தது. காருக்குள்தான் புழுக்கம். உக்கடம் குளத்துக்கு எதிரே, தையல் கடைக்கு மேல் மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிற விமலாராணி, அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம் பிடித்தவள். செத்துப்போனதாக எழுதிக் கொடுத்தவன் பேக்கரியில் உட்கார்ந்து தேங்காய் பன் தின்றதைப் போட்டோ எடுத்தவள். அப்பேர்ப்பட்டவளால் ஒரு வாரமாக ஒரு வீட்டின் சமையலறையைத் தாண்ட முடியவில்லை. எரிச்சல் வராமல் என்ன செய்யும், சொல்லுங்கள்.

விஷயம் இதுதான். பாலுசாமி என்று ஒரு தென்னந்தோப்புக்காரர். அவருக்கு வெகு காலமாகக் கவுட் நோய். ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடிப்போய், உப்பாகத் திரண்டு, கால் கட்டைவிரல் மூட்டில் ஊசி ஊசியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். வலி வந்துவிட்டால் போர்வை நுனி பட்டாலும் தோப்பு அதிரக் கூப்பாடு போடுவார். வலி தாங்காமல் வருடக்கணக்கில் கண்ட வலி மாத்திரையும் தின்றதில், சிறுநீரகமும் வாடத் தொடங்கியது.

கோயமுத்தூர் டாக்டர் நல்ல மனிதர். கவுட் மாத்திரையைச் சிறுநீரகம் தாங்குகிற அளவுக்குக் குறைத்து எழுதினார். "இனி வலி மாத்திரை ஒண்ணுகூட உள்ள போகக் கூடாதுங்க" என்று வீட்டார் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். அப்படியும் பரிசோதனைக்குப் பரிசோதனை கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போனது. கிரியாட்டினின் என்றால் சனங்களுக்குப் புரியாதே என்று டாக்டர் அதை 'உப்பு' என்றுதான் சொல்வார்.

"உப்பு மறுபடியும் ஏறியிருக்குதுங்க. யாரோ வலி மாத்திரை குடுக்கறீங்க. இப்படியே போனா டயாலிசிஸ்லதான் கொண்டுபோய் விடும்."

யாரோ என்றால் யார்? மகன் நிதீஷ் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். வீட்டில் இருப்பது பாலுசாமியின் மனைவி குழந்தையம்மாள், மருமகள் மோகனப்பிரியா, அவளுடைய கைக்குழந்தை. இதில் மோகனப்பிரியா பார்மஸி படித்தவள். குழந்தையம்மாளுக்கு அது போதும்.

"மருந்து படிச்சவளுக்கு மருந்து வெக்கத் தெரியாதா?" என்று சொந்தபந்தம் கூடிய இடத்தில் கேட்டுவிட்டாள். ஊருக்குள் அந்த வார்த்தை நடக்கத் தொடங்கிவிட்டது. அதோடு விட்டாளா? அமாவாசையன்று மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துப் பூசப் போவதாகவும் சொல்லிவிட்டாள். அநியாயம் செய்தவர்களைக் கேட்கச் சொல்லி அந்த அம்மனிடம் மிளகாய் அரைத்து வைத்தால், யாருக்கென்று பெயர் சொல்லவே வேண்டியதில்லை. ஊரே சொல்லிக்கொள்ளும்.

அதற்குத்தான் மோகனப்பிரியா உக்கடத்துக்கு பஸ் ஏறி வந்தாள்.

"மொளகா அரைச்சுட்டாங்கன்னா அப்பறம் நான் அந்த ஊட்டுல இருக்க மாட்டேனுங்க. கொழந்தையத் தூக்கிட்டுப் பெருந்துறைக்கு எங்கப்பா ஊட்டுக்கே போயிருவேன். ஆனா யாருன்னு தெரியாம நான் போனேன்னா, நான்தான்னு ஆயிருமுங்க."

இன்றைக்கு அமாவாசை.

காலையில்தான் தோப்பு வீட்டை இன்னொரு முறை சல்லடை போட்டு முடித்தார்கள். தைலம், சூரணம், கொள்ளு ரசம், மோர்ப்பானை, எதிலும் ஒன்றும் இல்லை. பாலுசாமி வெறுங்காலோடு தோப்புக்குள் வந்து உட்கார்ந்து சத்தியம் செய்தார்.

"வலி மாத்திரை நாக்குல பட்டே நாலஞ்சு மாசமாச்சுங்க. தின்னு தின்னு இப்பெல்லாம் எனக்கு மாத்திரைன்னாலே ஆகாது. கண்டாலே வாந்திதான்" என்றவர், வந்தவர்களுக்கு இளநீர் வெட்டச் சொல்லி, கீழே கிடந்த காயைக் கால் கட்டைவிரலால் ஒரு நெம்பு நெம்பிப் பிராங்க் பக்கம் உருட்டிவிட்டார்.

குழந்தையம்மாள் தட்டோடு வந்தாள். ராகிக் களியில் ஓர் உருண்டை பிடித்து, புளிச்சாற்றில் தோய்த்துப் புருஷனுக்கு ஊட்டினாள். "மொத உருண்டை என்ற கையாலதானுங்க. அப்பத்தான் அவருக்கு எறங்கும்."

பிராங்க் இளநீரை உறிஞ்சிக்கொண்டே விமலாராணியின் காதருகே சொன்னான், "டாப்சிலிப்பு முகாம்ல யானைக்குக் களி ஊட்டறதப் பாத்திருக்கறீங்களா மேடம்? இதே மாதிரிதானுங்க. எங்கூட்ல நான் வாயத் தொறந்தா, மூடுன்னுதான் சொல்லுவாங்க."

குழந்தையம்மாளிடமும் விமலாராணி கேட்டாள். "அம்மா, யாராவது வலி மாத்திரை குடுத்தாங்களா? நீங்க குடுத்தீங்களா?"

"என்ற கையால வலி மாத்திரை குடுத்திருந்தா இந்தக் கை வெளங்காமப் போயிரட்டுமுங்க" என்றாள் குழந்தையம்மாள். கண்ணில் பொய் இல்லை. பொய்யை இருபது வருடம் பார்த்தவள் விமலாராணி; இது பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மோகனப்பிரியா கண்ணிலும் இல்லை. பாலுசாமி கண்ணிலும் இல்லை. எல்லாரும் உண்மை பேசுகிற வீட்டில் துப்பறிகிறவளுக்கு என்னதான் வேலை?

"மாத்திரை மரத்துல காய்க்காது பிராங்க்" என்றாள் விமலாராணி காருக்குள். "ஏதோ ஒரு கடையிலிருந்துதான் வருது. மிச்சம் இருக்கறது ஒரே கடை. அதுலயும் இல்லைன்னா நான் ஆபீஸைக் காலி பண்ணிட்டுக் கீழ தையல் கடையில காஜா எடுக்கப் போயிர்றேன்."

"அங்கயும் நான்தான் அசிஸ்டென்டுங்களா?"

ஆனைமலைக் கடைத்தெருக் கோடியில் இருந்தது அந்த மருந்துக்கடை. முதலாளி கோபாலசாமி, நெற்றியில் விபூதியும் முகத்தில் சிரிப்பும் மாறாதவர். விமலாராணி கேள்வியை முடிப்பதற்குள் ஸ்டூல் போட்டார். இரண்டாவது கேள்விக்குள் டீ சொல்லிவிட்டார்.

"பாலுசாமி ஐயா வீட்டுக்கு நீங்க வலி மாத்திரை குடுக்கறீங்களா?"

"இல்லீங்க."

"யாராவது வந்து கேட்டாங்களா?"

"இல்லீங்க."

"அவங்க மருமக?"

"அந்தப் புள்ள இந்தப் படியே ஏறுனதில்லீங்க. பிஸ்கெட் எடுத்துக்கோங்க."

"பிஸ்கெட் வேண்டாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வலிக்குன்னு ஊசி, களிம்பு, ஏதாவது?"

"நானே அவங்களுக்கு வலி மாத்திரை ஆகாதுன்னு கேள்விப்பட்டிருக்கறேனுங்க. தெரிஞ்சே குடுப்பனுங்களா? டீல சக்கரை பத்துதுங்களா?"

இத்தனை மரியாதையாக ஒரு சுவரில் போய் முட்டிக்கொண்டது விமலாராணிக்கு இதுதான் முதல் தடவை. கத்தினாலாவது திருப்பிக் கத்தலாம். இவர் பிஸ்கெட் தருகிறார். அவள் டீ டம்ளரைக் கண்ணாடிப் பெட்டி மேல் ஓசையோடு வைத்தாள்.

"விடுங்க மேடம்" என்றான் பிராங்க் தாழ்ந்த குரலில். "காஜா எடுக்கறதும் ஒரு கௌரவமான தொழில்தானுங்க."

அப்போது கால் வீங்கிய ஓர் அம்மாள் நொண்டிக்கொண்டே படியேறினாள்.

"வாங்க ராசாத்தாக்கா" என்றார் கோபாலசாமி.

"உசுரு போவுது சாமி. ஒரு உப்பு செட்டு குடு."

கோபாலசாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கை பாட்டுக்குப் போயிற்று. ஓர் அட்டையிலிருந்து மஞ்சள் மாத்திரை, இன்னோர் அட்டையிலிருந்து வெள்ளை, டப்பாவிலிருந்து சின்னதாக ஒரு பிங்க். மூன்றையும் செய்தித்தாள் துண்டில் வைத்து மடித்து நீட்டினார். காய்ச்சல் செட், சளி செட் என்று கடைகளில் மடித்துக் கொடுப்பார்களே, அந்த மாதிரிதான்.

ராசாத்தாள் மடித்த காகிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினாள். விமலாராணி டம்ளரின் மேலேயே கை வைத்தபடி நின்றிருந்தாள்.

"ஏனுங்க, அது என்ன செட்டு?"

"உப்பு செட்டுங்க. கால் விரல்ல உப்பு சேந்து வீங்கும் பாருங்க, அதுக்கு. ரெண்டு வேளை போட்டா எந்திரிச்சு நடந்துருவாங்க."

"எனக்கும் ஒண்ணு மடிச்சுக் குடுங்க."

"உங்களுக்கும் உப்புங்களா?" என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"அவங்களுக்குக் கொழுப்புங்க" என்றான் பிராங்க். "ஆனா இந்த செட்டே போதும்."

விமலாராணி மூன்று மாத்திரைகளையும் அட்டைகளின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து மோகனப்பிரியாவுக்கு அனுப்பினாள். உடனே போனும் செய்தாள். மறுமுனையில் மணிச்சத்தம், சனக்கூட்டத்தின் இரைச்சல்.

"பாத்தேனுங்க" என்றாள் மோகனப்பிரியா, வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற குரலில். "மஞ்சளும் வெள்ளையும் ரெண்டுமே வலி மாத்திரைங்க. நல்ல வீரியமானது. பிங்க் வயித்துக்கு. கிட்னி கெட்டவங்களுக்கு அந்த ரெண்டையும் ஒட்டுக்காக் குடுக்கறதும் ஒண்ணு, கெணத்துல தள்ளறதும் ஒண்ணு. எங்கிருந்துங்க கெடச்சுது?"

"சொல்றேன். நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"கோயில்லங்க. நீயும் வா, உன்ற முன்னாலயே அரைக்கறேன்னு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டாங்க. மொளகா வாங்கியாச்சு. முன்னால இன்னும் நாலஞ்சு பேருதான் நிக்கறாங்க."

போனை வைத்தாள் விமலாராணி. கோபாலசாமியின் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

"ஐயா, பாலுசாமி வீட்டுக்கு உப்பு செட்டு குடுத்திருக்கீங்களா?"

"அது குடுக்காமயா? வாராவாரம் வாங்கிட்டுப் போறாங்களே."

"இதை ஏன் முன்னாலயே சொல்லல?"

"நீங்க வலி மாத்திரைன்னுதானுங்களே கேட்டீங்க. இது உப்புக்குன்னு எங்கப்பா காலத்துல இருந்து மடிக்கறதுங்க" என்றார் அவர், சிரிப்பு மாறாமல்.

விமலாராணி கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தாள். ஒரு வாரம். எத்தனை பேரிடம், எத்தனை விதமாக, அந்த ஒரே வார்த்தையைக் கேட்டாள்.

"யாரு வந்து வாங்குவாங்க?"

"ஊட்டுக்காரம்மாதானுங்க. கொழந்தையம்மாக்கா. முன்ன ஒரு செட்டு வாங்குவாங்க, இப்பெல்லாம் ரெட்டையா வாங்கறாங்க. பாவம், உப்பு எறங்கவே மாட்டேங்குதாம்."

பிராங்க்கின் வாய் திறந்தது. முதல் முறையாக அதிலிருந்து ஜோக் எதுவும் வரவில்லை.

"டாக்டர் சீட்டில்லாம இப்படி மடிச்சுக் குடுக்கறதப் பத்தி நாளைக்கு வந்து பேசறேன்" என்றாள் விமலாராணி. "பிஸ்கெட் எடுத்து வையுங்க."

கோயிலை நோக்கிக் கார் பறந்தது.

"அந்தக் கால் பிராங்க், அந்தக் கால். நான் கண்ணால பாத்தேன், புத்தியில ஏறல. போர்வை பட்டா கத்தற மனுசன். வலி மாத்திரைய நிறுத்தி மாசக்கணக்காச்சு, வியாதி அப்படியே இருக்கு. ஆனா வெறுங்கால்ல வந்து கட்டைவிரலாலயே தேங்காய உருட்டறாரு. வலிக்கல. ஏன் வலிக்கல? உள்ள மாத்திரை போய்ட்டே இருக்கு."

"ஆனா அவருதான் மாத்திரையக் கண்டா வாந்தி..." என்று தொடங்கிய பிராங்க் பாதியில் நிறுத்தினான். வேகத்தைக் குறைக்காமலே அவள் பக்கம் திரும்பினான். "மேடம். டாப்சிலிப்புல யானைக்குக் களி உருண்டை ஊட்டறாங்கல்ல... அதுக்குள்ளதானுங்களே மருந்து வெப்பாங்க."

"காலையிலயே சொன்ன. நீயும் கேக்கல, நானும் கேக்கல."

அமாவாசைக் கூட்டம் தெரு வரைக்கும் நின்றது. செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு, சுடுகிற தரையில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு ஓடினாள் விமலாராணி. மிளகாய் நெடி தொண்டையைப் பிடித்தது. அரைக்கிற கல்லுக்கு முன்னால் குழந்தையம்மாள் உட்கார்ந்துவிட்டிருந்தாள். கை நிறைய வரமிளகாய். இரண்டடி தள்ளி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மோகனப்பிரியா, அழுது முடித்த முகத்தோடு.

"அம்மா, சித்த நேரம் பொறுங்க."

"ஏனுங்க அம்மணி, அந்தப் புள்ளைக்கு வக்காலத்து வாங்க வந்தீங்களா?"

"உங்களுக்குத்தாம்மா வாங்க வந்தேன்." விமலாராணி அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, காகித மடிப்பைப் பிரித்துக் காட்டினாள். "இது என்னன்னு தெரியுதுங்களா?"

"உப்பு செட்டு" என்றாள் குழந்தையம்மாள் பட்டென்று. ஒளிக்கவே இல்லை. "ஏன் கேக்கறீங்க?"

"ஐயாவுக்குக் களி உருண்டைக்குள்ள வெச்சுக் குடுக்கறது இதுதானே?"

"ஆமாங்க. நேராக் குடுத்தா வாந்தி எடுத்துப்போடுவாரு. பொடி பண்ணி வெச்சுருவேன். டாக்டரு ஒவ்வொருவாட்டியும் உப்பு ஏறிருச்சு, உப்பு ஏறிருச்சுங்கறாரு. கேட்டுக்கிட்டு நான் சும்மா இருக்க முடியுங்களா? ஏற ஏறச் சேத்துக் குடுத்தேன். அதையும் மீறி ஏறுதுன்னா, ஊட்டுக்குள்ள ஆரோ என்னமோ வெக்கறாங்கன்னுதானுங்களே அர்த்தம்?"

விமலாராணிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? புரியட்டும் என்று சொன்ன டாக்டரையா, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்ன கடைக்காரரையா, புருஷன் பிழைக்க வேண்டும் என்று ராகிக்குள் பொடி வைத்தவளையா?

"அம்மா, கால்ல சேர்ற உப்பு வேற. டாக்டர் சொல்ற உப்பு வேற. அவர் சொல்றது கிட்னி கெடறப்போ ரத்தத்துல தேங்கற கசடு. நீங்க குடுக்கற இந்த மஞ்சளும் வெள்ளையும் வலி மாத்திரை. அதுனாலதான் கிட்னி கெடுது. கெடக் கெட அவரு உப்பு ஏறிருச்சுங்கறாரு. அவரு சொல்லச் சொல்ல நீங்க சேத்துக் குடுக்கறீங்க."

குழந்தையம்மாள் நம்பவில்லை. "இது வலி மாத்திரை இல்லீங்க. உப்பு மாத்திரை."

"ஐயாவுக்குக் கால் வலி வந்து எத்தனை நாளாச்சும்மா?"

"வாறதே இல்லீங்களே. அதான் நல்ல கொணம்னு..." அவள் வாய் அங்கேயே நின்றுவிட்டது. கையிலிருந்த மிளகாயைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். மோகனப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப நான் ஆருக்கு அரைக்க வந்தேன்?" என்றாள் குழந்தையம்மாள்.

வரிசையில் நின்ற ஒருவர் பொறுமை இழந்தார். "ஏனுங்க, அரைக்கறதுன்னா அரைங்க. இல்லாட்டி சித்த அக்கட்டால நவுந்துக்கங்க."

குழந்தையம்மாள் நகர்ந்தாள். மிளகாயை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையில் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

"கல்யாணமாகி வந்ததுல இருந்து அந்த மாத்திரை டப்பாவ நான் தொடக்கூடாதுன்னீங்க அத்தை" என்றாள் மோகனப்பிரியா, அவளைப் பார்க்காமலே. "ஒரு வாட்டி தொட விட்டிருந்தீங்கன்னா, அன்னைக்கே சொல்லியிருப்பேன்." குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வெளியே போனாள். மாமியார் முந்தானை மிளகாயோடு பின்னாலேயே போனாள்.

பெருந்துறை பஸ் ஏறினாளா, தோப்பு வீட்டுக்கே போனாளா? அதை விமலாராணி கேட்டுக்கொள்ளவில்லை. திரும்பி வரும்போது கிணத்துக்கடவு தாண்டியதும் பிராங்க் மெதுவாகச் சொன்னான், "ஜெயிச்சிட்டோம்னு நெனைக்கறேன் மேடம்."

"அப்படியா? எனக்கு அப்படித் தெரியல."

அடுத்த சில நாள் உக்கடம் ஆபீஸில் மின்விசிறிகூடப் பயந்துதான் சுற்றியது. போன் அடிக்கும்போதெல்லாம் விமலாராணி பாய்ந்து எடுப்பாள், மொபைல் ரீசார்ஜ்காரனாக இருப்பான், திட்டி வைப்பாள். ஒரு மத்தியானம் திட்டத் தயாராகவே எடுத்தாள்.

"நான் மோகனப்பிரியா பேசறேனுங்க."

"எங்கிருந்து பேசறீங்க?" என்றாள் விமலாராணி, வேறெதையும் கேட்பதற்கு முன்னால்.

"தோப்புலதானுங்க. மாமாவுக்குக் கட்டைவிரல் வலி வந்திருச்சு. விடிகாலம் புடிச்சு ஒரே சத்தம்." வலி வந்ததை இத்தனை சந்தோஷமாக ஒருத்தி சொல்லி விமலாராணி கேட்டதில்லை. "டாக்டர்கிட்டப் பேசிட்டேனுங்க. வலிக்கு வேற மருந்து, இந்தக் கிட்னிக்குத் தாங்கற அளவுல சொல்லியிருக்காரு. நேத்து எடுத்த ரத்தத்துல உப்பு..." நிறுத்தித் திருத்திக்கொண்டாள். "கிரியாட்டினின் கொஞ்சம் எறங்கியிருக்குதுங்க. முழுசாத் திரும்பாது, ஆனா டயாலிசிஸ் இப்ப வேண்டாம்னுட்டாரு."

விமலாராணி ஸ்பீக்கரைப் போட்டாள். பின்னால் பாலுசாமி தோப்பு அதிரக் கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தார். அதற்கும் மேலே, கொஞ்சம் கரகரத்த ஒரு குரல் கேட்டது.

"அம்மணி, டப்பா இந்தா இருக்குது. பீரோ சாவியும் நீயே வெச்சுக்கோ. எதக் குடுக்கோணுமோ, நீ எடுத்துக் குடு கண்ணு. நான் வெறுங்களிய ஊட்டிக்கறேன்."

"வாரேனுங்கத்தை" என்றாள் மோகனப்பிரியா, போனை வைக்காமலே.

"கேஸை மூடிரலாங்களா மேடம்?" என்று கேட்டுக் கட் செய்யக் கை நீட்டினான் பிராங்க்.

அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"இரு. இன்னொரு வாட்டி அந்த மனுசன் கத்தட்டும். கேட்டுட்டு வெக்கலாம்."